நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு எந்தக் குழாய்? பெற்றோர் முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கரங்கான் – மாதக் கணக்கில் ஊசி மருந்து தேவைப்படும் பிள்ளையின் பெற்றோரிடம் ஒரு நாள் மருத்துவர் இப்படிச் சொல்வார்: "இனி கையில் நரம்பு கிடைப்பது கஷ்டம். நெஞ்சிலோ கையிலோ நிரந்தரமாக ஒரு குழாய் வைக்கலாம். பிக் லைன், ஹிக்மன், கீமோபோர்ட் என்று மூன்று இருக்கின்றன." பிறகு ஒப்புதல் பாரத்தை நீட்டுவார். பெரும்பாலான பெற்றோர் அந்த மூன்று பெயர்களையும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

கரங்கான், மாஹாங் போன்ற சிற்றூர்களிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு இந்த முடிவில் கூடுதல் சுமை உண்டு. அருகில் உள்ள பெரிய மருத்துவமனை கூலிமில் இருக்கிறது. பிள்ளைகளுக்கான புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பினாங்கு பொது மருத்துவமனைக்குப் பாலம் கடந்து போக வேண்டும். மருத்துவர் நோயைப் பார்த்து ஒரு குழாயைப் பரிந்துரைப்பார். வீடு எப்படி, தண்ணீர் எப்படி, வாகனம் உண்டா, வேலைக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும் என்பது பெற்றோருக்குத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான முடிவு கிடைக்கும்.

பிரானுலா ஏன் போதாது?

வார்டில் வழக்கமாகக் கையில் குத்தும் பிரானுலா சில நாள்களுக்குத்தான் தாங்கும். பிறகு வீங்கும், வலிக்கும், அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி வேறு இடத்தில் குத்த வேண்டும். சிறு பிள்ளைகளின் இரத்த நாளங்கள் மெல்லியவை. நாம் பேச்சில் நரம்பு என்று சொல்லும் இந்த நாளங்கள் திரும்பத் திரும்பக் குத்தப்பட்டால் தழும்பேறிப் பயனற்றுப் போகும்.

இன்னொரு காரணம் மருந்தின் தன்மை. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தோலும் தசையும் வெந்து புண்ணாகும். குடல் வேலை செய்யாத பிள்ளைக்கு இரத்தம் வழியாக ஏற்றும் ஊட்டச்சத்துக் கரைசல் மிகவும் அடர்த்தியானது. அது சிறு நாளங்களை எரித்துவிடும். அதனால் இவற்றை இதயத்துக்கு அருகில் உள்ள பெரிய நாளத்தில் விட வேண்டும். அங்கே இரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்து நீர்த்துவிடும். மூன்று குழாய்களின் நுனியும் சென்று நிற்பது அந்த இடத்தில்தான். வெளியே இருக்கும் பகுதிதான் ஒவ்வொன்றிலும் வேறுபடுகிறது.

இந்த வழி வந்த கதை

1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் கை நாளத்தின் வழியாகவே மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை செலுத்தினார். அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படமும் எடுத்துக் காட்டினார். அன்று கண்டிக்கப்பட்ட அவருக்கு 1956-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

வீட்டிலேயே மாதக் கணக்கில் வைத்திருக்கக்கூடிய குழாய் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1973-இல் பிரோவியக் குழுவினர் சிலிக்கோன் குழாய் ஒன்றை அறிமுகப்படுத்தினர். 1979-இல் அதே நகரில் பிள்ளைகளின் சிறுநீரக மருத்துவரான ராபர்ட் ஹிக்மன், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்காக அதைச் சற்று அகலமாக்கினார். இன்று வார்டில் "ஹிக்மன்" என்று சொல்வது அவர் பெயரைத்தான். தோலுக்கடியில் புதைக்கும் போர்ட் 1980-களின் தொடக்கத்தில் வந்தது.

பிக் லைன்: கையிலிருந்து போகும் குழாய்

மேல்கையில் உள்ள நாளம் ஒன்றில் அல்ட்ராசவுண்ட் பார்த்து நுழைத்து, நெஞ்சுக்குள் பெரிய நாளம் வரை கொண்டுபோவது பிக் லைன். பெரிய அறுவை சிகிச்சை வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பதுண்டு. தேவை முடிந்ததும் கழற்றுவதும் எளிது.

சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரையிலான சிகிச்சைக்கு இது பொருந்தும். எலும்பில் கிருமி புகுந்து பல வாரங்களுக்கு ஆண்டிபயாட்டிக் ஏற்ற வேண்டிய பிள்ளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

குறைகளும் உண்டு. குழாயின் ஒரு பகுதி எப்போதும் வெளியே இருக்கும். வாரம் ஒரு முறையாவது கட்டு மாற்றி, குழாயைக் கழுவிவிட வேண்டும். கை நாளத்தில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. தாயத்து, காப்புக் கயிறு போன்றவற்றை அந்த மேல்கையில் இறுக்கிக் கட்டக் கூடாது. பாட்டி கட்ட விரும்பினால் மறு கையில் கட்டலாம்.

ஹிக்மன், பிரோவியக்: நெஞ்சில் தொங்கும் குழாய்

இது அறுவை அறையில் மயக்க மருந்து கொடுத்து வைக்கப்படுவது. கழுத்து நாளத்தில் நுழையும் குழாயைத் தோலுக்கடியில் சிறிது தூரம் இழுத்து, நெஞ்சில் வேறோர் இடத்தில் வெளியே கொண்டுவருவார்கள். தோலுக்கடியில் உள்ள பகுதியில் துணி போன்ற ஒரு வளையம் இருக்கும். சில வாரங்களில் சதை அந்த வளையத்தைப் பற்றி வளர்ந்து குழாயை நிலைநிறுத்தும். வெளியிலிருந்து கிருமி உள்ளே போவதையும் அது தடுக்கும். இந்தச் சில வாரங்கள் முடியும்வரை குழாய் இழுபடாமல் மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் பெரிய நன்மை, மருந்து ஏற்றவும் இரத்தம் எடுக்கவும் ஊசி குத்த வேண்டியதில்லை என்பது. ஊசியைக் கண்டாலே அலறும் பிள்ளைக்கு இது நிம்மதி. நாள்தோறும் மருந்தோ ஊட்டச்சத்தோ ஏற்ற வேண்டியவர்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இது உகந்தது.

ஆனால் பராமரிப்பு அதிகம். கட்டு நனையக் கூடாது. ஆற்றில் குளிப்பது, குளத்தில் நீந்துவது எல்லாம் சிகிச்சை முடியும்வரை கிடையாது. தவழும் தம்பி தங்கை பிடித்து இழுக்கலாம், விளையாட்டில் மாட்டலாம். குழாய்க்கு அருகில் கத்தரிக்கோல், ஊக்கு எதுவும் வரக் கூடாது.

கீமோபோர்ட்: தோலுக்கடியில் புதைத்த டப்பி

ஐம்பது காசு நாணயம் அளவிலான சிறு டப்பி ஒன்றை நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து குழாய் பெரிய நாளத்துக்குப் போகும். டப்பியின் மேல்பகுதி தடித்த சிலிக்கோன். தேவைப்படும்போது தாதியர் தோல் வழியாக அதில் ஊசி குத்தி மருந்து ஏற்றுவார்கள். ஊசியை எடுத்ததும் சிலிக்கோன் தானே மூடிக்கொள்ளும். இதற்கென்றே செய்யப்பட்ட ஹூபர் ஊசியை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண ஊசி குத்தினால் சிலிக்கோன் துளைபட்டு ஒழுகத் தொடங்கும். இந்த விவரம் தெரியாத கிளினிக்கில் யாரும் அவசரப்பட்டுக் குத்த பெற்றோர் இடம் கொடுக்கக் கூடாது.

ஊசி இல்லாத நாள்களில் வெளியே எதுவும் தெரியாது. தோல் மூடியிருப்பதால் மூன்றிலும் கிருமித் தொற்று குறைவாக இருப்பது இதில்தான். குளிக்கலாம், பள்ளிக்குப் போகலாம். உடல்நிலை இடம் கொடுத்தால், மருத்துவர் அனுமதியோடு நீந்தவும் செய்யலாம். பயன்பாட்டில் இல்லாதபோது ஏறத்தாழ மாதம் ஒரு முறை கழுவிவிட்டால் போதும். தொடர்ந்து மருந்து ஏற்றும் நாள்களில் ஊசியை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும்.

குறைகள் மூன்று. ஒவ்வொரு முறையும் ஊசி குத்த வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்பே மரத்துப்போகும் களிம்பைத் தடவி வைத்தால் வலி குறையும். இரண்டாவது, வைக்கவும் எடுக்கவும் அறுவை சிகிச்சை தேவை. மூன்றாவது, அடி படக் கூடாது. மோட்டார் சைக்கிளில் அப்பாவின் முதுகோடு நெஞ்சை அழுத்தி உட்காரும் பிள்ளைக்கும், காரில் வார்ப்பட்டை போடும் பிள்ளைக்கும் டப்பி உள்ள இடத்தில் உராயும். மெல்லிய துணியை மடித்து வைத்தால் போதும். அதற்காக வார்ப்பட்டை போடாமல் விடக் கூடாது.

எந்த நோய்க்கு எது?

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பரவலானது லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய். அதன் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கும் மேல் நீடிக்கும். முதல் மாதங்களில் மருந்து அடிக்கடி ஏறும், பிறகு இடைவெளி விழும். இப்படி விட்டுவிட்டு நீண்ட காலம் நடக்கும் சிகிச்சைக்குப் போர்ட் பொருத்தம். ஆனால் நோய் கண்ட முதல் வாரங்களில் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ, முதலில் பிக் லைனில் தொடங்கி, பிள்ளை தேறியதும் போர்ட் வைப்பதுண்டு. "ஏன் இரண்டு முறை?" என்று பெற்றோர் குழம்ப வேண்டியதில்லை.

குடல் செயலிழந்து இரத்தம் வழியாகவே உணவு பெறும் பிள்ளைக்கு நாள்தோறும் குழாய் தேவை. அதற்கு ஹிக்மன் வகையே வழக்கம்.

ஹீமோஃபீலியா உள்ள சிறு பிள்ளைக்கு வாரத்தில் பல முறை உறைபொருள் ஏற்ற வேண்டியிருக்கலாம். கையில் நாளம் கிடைக்காதபோது போர்ட் உதவும். தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் போன்ற புதிய மருந்து கிடைக்கும் பிள்ளைக்குக் குழாயே தேவைப்படாமல் போகலாம்.

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள பிள்ளையின் நிலை வேறு. பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால், கை நாளத்தையும் தமனியையும் இணைத்துத்தான் அதற்கான வழியை அமைப்பார்கள். பிக் லைன் அந்தக் கை நாளங்களைக் கெடுத்துவிடக்கூடும். அதனால் சிறுநீரக நிபுணரைக் கேட்காமல் இந்தப் பிள்ளைகளுக்குப் பிக் லைன் வைக்கக் கூடாது. வேறு நோய்க்காக வேறு வார்டில் சேர்த்திருந்தால், பிள்ளைக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு என்பதைப் பெற்றோர் தாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

குழாயின் உள்ளே ஒரு வழியா, இரண்டு வழியா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வழிகள் கூடினால் கிருமி புகும் வாய்ப்பும் கூடும். ஒன்று போதுமானால் ஒன்றே நல்லது.

வீட்டுக் கணக்கு, பயணக் கணக்கு

வெளியே தொங்கும் குழாய்க்கு வாரம் ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 52 முறை பராமரிப்பு. போர்ட்டுக்கு மாதம் ஒரு முறை என்றால் 12 அல்லது 13 முறை. ஒவ்வொரு முறையும் பினாங்கு வரை போக வேண்டுமானால், நாள் சம்பளத்தில் வேலை செய்யும் தோட்டத் தொழிலாளிக்கு அது எத்தனை நாள் சம்பள இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. கட்டு மாற்றுவதையும் கழுவிவிடுவதையும் கூலிம் மருத்துவமனையிலோ அருகில் உள்ள சுகாதாரக் கிளினிக்கிலோ செய்ய முடியுமா என்று கேட்கலாம். முடியுமானால் கடிதமும் தேவையான பொருள்களும் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல், வார்டிலேயே தாதியரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்ய அனுமதி உண்டா என்று கேட்கலாம். அப்படிக் கற்றுக்கொள்வது அம்மா ஒருவர் மட்டும் என்றால் போதாது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் யார் செய்வார்கள்? வீட்டில் இன்னொருவரும் கற்றிருக்க வேண்டும்.

செய்முறையில் மூன்று பழக்கங்கள் உயிர் காக்கும். சோப்பு போட்டுக் கை கழுவாமல் குழாயைத் தொடக் கூடாது. குழாயின் மூடியை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடியாவது நன்றாகத் தேய்த்து, காய்ந்த பிறகே திறக்க வேண்டும். கழுவிவிட 10 மில்லி லிட்டருக்குக் குறைந்த சிரிஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. சிறிய சிரிஞ்சு தரும் அழுத்தத்தில் குழாய் வெடிக்கலாம். எதிர்ப்பு தெரிந்தால் பலம் கொண்டு தள்ளக் கூடாது.

குழாய் வெளிவரும் இடத்தில் மஞ்சள், எண்ணெய், திருநீறு எதையும் வைக்கக் கூடாது. நெற்றிக்கு இடும் திருநீறு நெற்றியோடு இருக்கட்டும். புண் ஆறட்டும் என்று அன்போடு தடவும் பொருளிலேயே கிருமி இருக்கக்கூடும். அங்கிருந்து இதயம் வரை போக அதற்கு நேரான பாதை இருக்கிறது.

பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைப் பற்றித் தமிழ்ப்பள்ளி வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. என்ன குழாய், எங்கே இருக்கிறது, காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

38 பாகை: காத்திருக்கக் கூடாத எல்லை

குழாய் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், அது சாதாரணக் காய்ச்சல் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. குழாயில் கிருமி இருந்தால் அது நேராக இரத்தத்தில் கலக்கிறது. புற்றுநோய் மருந்தால் வெள்ளையணுக்கள் குறைந்த பிள்ளையின் உடல் சில மணி நேரத்தில் நிலைகுலையலாம். குழாயைக் கழுவிவிட்ட சிறிது நேரத்தில் உடல் தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்தால், குழாய்க்குள்ளேயே கிருமி இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு, இறங்கியதும் தூங்க வைப்பதும் தவறு. மருந்து சூட்டைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. நள்ளிரவானாலும் அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 999-ஐ அழைக்க வேண்டும். பினாங்கில் சிகிச்சை பெறுகிறவர்கள் பினாங்குக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. முதலில் இரத்தச் சோதனை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் ஏறுவதுதான் முக்கியம். கூலிமில் அதைத் தொடங்கிவிட்டுப் பிறகு மாற்றலாம்.

அவசரப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்துவிடாமல், முகப்பிலேயே சொல்ல வேண்டியது: "அனாக் சாயா அடா கீமோபோர்ட், டெமாம்." ஹிக்மன் என்றால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சிகிச்சைப் புத்தகமும் குழாய் வைத்த விவரமும் உள்ள பையை எப்போதும் கதவருகே வைத்திருப்பது நல்லது.

வெளியே உள்ள குழாய் வெட்டுப்பட்டால், வெட்டுக்கும் உடம்புக்கும் இடையில் உடனே கவ்வியால் அடைக்க வேண்டும். கவ்வி இல்லையென்றால் குழாயை மடித்து இறுகப் பிடிக்க வேண்டும். காற்று உள்ளே போனால் ஆபத்து. மூச்சுத் திணறினால் பிள்ளையை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 999-ஐ அழைக்க வேண்டும். குழாய் முழுதாக வெளியே வந்துவிட்டால் சுத்தமான துணியால் அந்த இடத்தையும், ஹிக்மன் என்றால் அதற்கு மேலே கழுத்தெலும்பு அருகிலும் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கை, கழுத்து, முகம் வீங்கினாலும் அன்றே காட்ட வேண்டும். அது இரத்தம் உறைந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம்.

செலவுக்கு யாரைக் கேட்பது?

அரசு மருத்துவமனையில் வார்டுக் கட்டணம் குறைவு என்றாலும், உடலுக்குள் பொருத்தும் சில கருவிகளைக் குடும்பமே வாங்க வேண்டிய நிலை வரலாம். பணம் இல்லை என்பதற்காக "வேண்டாம்" என்று கையெழுத்திடுவதற்கு முன், மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைப் பார்க்க வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதியான தாபோங் பந்துவான் பெருபாத்தானுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானம் உள்ள புற்றுநோயாளிகளுக்கு மக்னா எனப்படும் தேசியப் புற்றுநோய் மன்றமும் உதவுகிறது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களைக் கையோடு கொண்டுபோனால் ஒரு பயணம் மிச்சமாகும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் பிள்ளைக்கு இந்தக் குழாய் எத்தனை மாதத்துக்குத் தேவை? வாரத்தில் எத்தனை முறை பயன்படும்?
2. மற்ற இரண்டையும் விட இதை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?
3. ஒரு வழிக் குழாய் போதுமா?
4. வாராந்திர அல்லது மாதாந்திரப் பராமரிப்பைக் கூலிமில் செய்ய முடியுமா? வீட்டில் செய்ய எங்களுக்குக் கற்றுத் தருவீர்களா?
5. இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணை அழைப்பது, எங்கே போவது?
6. தேவை முடிந்ததும் எப்போது எடுப்பீர்கள்?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தேவையில்லாமல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கும் உறைகட்டிக்கும் ஒரு வாய்ப்பு. மலாயோ ஆங்கிலமோ புரியவில்லை என்றால், தமிழ் தெரிந்த தாதியரை அழைக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மருத்துவர் அவசரத்தில் இருந்தாலும், உடனே வைத்தாக வேண்டிய நிலை இல்லையென்றால், பாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு கையெழுத்திடப் பெற்றோருக்கு உரிமை உண்டு. குழாயை வைப்பவர் மருத்துவர் என்றாலும், அடுத்த பல மாதங்கள் அதை நாள்தோறும் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் அவர்கள்தான்.